உன் அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தாள்

தம்பி,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. இந்தக் கடிதத்தை உன் மருத்துவக் கல்லூரி விடுதி முகவரிக்கு அனுப்பவும் போவதில்லை. நீ கட்டுரை எழுதுகிற அந்த வாரப் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். அச்சில் சொன்னதற்கு அச்சில்தான் பதில் சொல்ல வேண்டும். உன் கட்டுரையைப் படித்துவிட்டுச் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் தலையாட்டியவர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேரும் இதையும் படிக்கட்டும். பெயர்களை மட்டும் போட வேண்டாம் என்று ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன். அது உன் மானத்துக்காக இல்லை, உன் அம்மாவுக்காக. ஆசிரியர் போட மறுத்தால் கையால் பிரதி எடுத்து உனக்குத் தபாலில் அனுப்புவேன். எப்படியும் நீ இதைப் படிக்காமல் தப்ப முடியாது.

உன் கட்டுரை மலாக்காவில் நம் காஜா பேராங்குக்கு எப்படி வந்தது தெரியுமா? நம் தெருக்கோடியில் இருக்கிற தமிழ்ப்பள்ளி வாத்தியார் சனிக்கிழமை காலையில் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, தன் பிள்ளையே எழுதிய மாதிரி முகமெல்லாம் பல்லாக வந்தார். "உங்க பையன் பெரிய ஆளாயிட்டாருங்க, கேளுங்க" என்று முன்னறையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தார். உன் அம்மா தரையில் முறத்தை வைத்துக்கொண்டு நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். உணர்வு என்பது மூளையின் வேலை, வேறொன்றுமில்லை. மண்டைக்குள் ஓடுகிற மின்சாரத்தையும் ரசாயனத்தையும் தவிர 'நான்' என்று தனியாக ஒன்று கிடையாது. பத்துச் சொட்டு மருந்தில் அணைந்துபோகிற விளக்குக்கு ஆத்மா என்று பெயரா என்றெல்லாம் நீ விளாசியிருந்தாய். நடை நன்றாகத்தான் இருந்தது. எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். அப்புறம் அந்த உதாரணம் வந்தது. "மலாக்காவில் எனக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவர், தமக்கு அறுவை நடந்தபோது தாம் விழித்திருந்ததாகவும், மருத்துவர்கள் பேசியதையெல்லாம் கேட்டதாகவும் இன்றளவும் நம்புகிறார். மருந்தின் பிடியிலிருந்த மூளை பின்னிய கனவை உண்மை என்று கொள்ளும் அப்பாவி மனத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?" வாத்தியார் அந்த இடத்தில் சிரித்தார். உன் அம்மா நெத்திலியின் தலையைக் கிள்ளுவதை நிறுத்தினாள். "அது நான்தானே?" என்று கேட்டாள். வாத்தியார் காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போனார். அதன் பிறகு அன்றைக்கு முழுதும் உன் அம்மா பேசியது ஒரே ஒரு வார்த்தைதான்: "மூதாட்டியாமே." அவளுக்கு நாற்பத்தைந்து வயதுகூட முடியவில்லையடா, மடையா.

உன்னிடம் நான் ஏன் இவ்வளவு கோபமாக இருக்கிறேன் என்பது முழுதாகப் புரிய வேண்டுமானால், இன்று வீட்டில் நடப்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆறு மாதமாக அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி. பித்தப்பையில் கல். இருமுறை காய்ச்சல் வந்து, கண் மஞ்சளாகி, சோறு இறங்காமல் சுருண்டு கிடந்தாள். பண்டா ஹிலிரில் இருக்கிற டாக்டரம்மா, இன்னொரு முறை இப்படி வந்தால் பை உள்ளேயே பழுத்து உடைந்து ஆள் பிழைப்பது கஷ்டம், உடனே அறுத்து எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை என்று நாளும் குறித்தாயிற்று. உன் அம்மா போகமாட்டேன் என்கிறாள். செத்தாலும் சாகிறேன், மறுபடி அந்த மேசையில் படுக்கமாட்டேன் என்கிறாள். நான் கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாக இளகி வருகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உன் கட்டுரை வந்து சேர்ந்தது. "பெத்த புள்ளையே நான் கனவு கண்டேன்னு பேப்பர்ல போட்டுட்டான். நாளைக்கு அங்க மறுபடி முழிச்சிக்கிட்டுக் கெடந்தா யாருகிட்டங்க சொல்றது?" என்றாள். இதற்கு உன்னிடம் பதில் இருந்தால் சொல்.

இப்போது நான் சொல்லப்போவதைச் சமீபத்தில் டாக்டரம்மாவிடம் சொன்னதைத் தவிர, ஒன்பது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. நான் டிரெசராக வேலை பார்த்த அந்த ஆஸ்பத்திரியை உனக்கு நினைவிருக்கும். ஊரும் பெயரும் வேண்டாம். சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களுக்கெல்லாம் பொதுவாக நடந்த ஆஸ்பத்திரி. காயத்துக்குக் கட்டுப்போடுவதிலிருந்து மலேரியாவுக்கு மருந்து கொடுப்பதுவரை எல்லாம் நாங்கள்தான். அறுவை நடக்கும்போது மயக்கம் கொடுப்பதும் என் வேலை. முகத்தில் கம்பி வலை, அதன்மேல் துணி, துணிமேல் ஈத்தர் சொட்டு. ஜப்பான்காரன் வருவதற்கு முன்னாலிருந்து செய்த வேலை. என் கை பட்டு எத்தனை பேர் தூங்கியிருப்பார்கள் என்று கணக்கே கிடையாது. கங்காணியும் தூங்கினான், கூலியும் தூங்கினான். ஒரு கோயில் பூசாரி இருந்தார். நாள் முழுதும் ஆத்மா அழிவற்றது என்று பிரசங்கம் செய்வார். குடலிறக்கத்துக்கு வந்தவர் நாலு நிமிடத்தில் அடங்கினார். மயக்கம் தெளிகிறபோது அவர் வாயிலிருந்து வந்த கெட்ட வார்த்தைகளை நர்ஸுகள் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆகவே உன் கட்டுரையில் இருக்கிற விஷயம் எனக்குப் புதிதே இல்லை. மருந்து உள்ளே போனால் ஆள் போய்விடுகிறார், மருந்தின் வேகம் இறங்கினால் ஆள் திரும்ப வருகிறார் என்பதை நீ பிறப்பதற்கு முன்பே என் கையால் பார்த்தவன் நான். இதைப் படித்துவிட்டுச் சாமியார்கள் யாரும் என்னை மேடைக்கு அழைக்க வேண்டாம்.

உன் அம்மாவுக்கு அப்போது பெரும்போக்கு. மாதக்கணக்கில் ரத்தம் போய் முகம் வெளுத்துவிட்டது. கர்ப்பப்பையில் கட்டி. சண்டை முடிந்து இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்திருந்த வெள்ளைக்கார டாக்டர், பையையே எடுத்தால்தான் பிழைப்பாள் என்றார். உனக்குப் பிறகு இரண்டு தங்காமல் போனது உனக்குத் தெரிந்திருக்காது. ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்பது அவளுக்கு ஆசை என்றுகூடச் சொல்ல முடியாது, அதைவிடப் பெரியது. பையை எடுக்கிறோம் என்று சொன்னால் சம்மதிக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். கட்டியை மட்டும் எடுப்பதாகச் சொன்னேன். புருஷன் கையெழுத்துப் போட்டால் போதும் என்ற காலம். போட்டேன். அவள் உயிர் பிழைக்கத்தான் செய்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பொய்யில்லை. ஆனால் எழுந்த பிறகும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அவள் அழுவதைப் பார்க்க எனக்குப் பயம், அவ்வளவுதான்.

அந்த டாக்டர் புதிதாக ஒரு மருந்து கொண்டுவந்திருந்தார். தென்னமெரிக்கக் காட்டில் வேடர்கள் அம்பு முனையில் தடவுகிற விஷத்திலிருந்து எடுத்ததாம். ஊசியில் போட்டால் உடம்பிலிருக்கிற தசையெல்லாம் விட்டுப்போகும். வயிறு இளகியிருக்கும், கத்திக்குச் சுலபம். மூச்சும் நின்றுவிடும். அதனால் தொண்டையில் ரப்பர்க் குழாய் விட்டு, நாம் காற்றுப் பையை அழுத்தி அழுத்தி மூச்சு கொடுக்க வேண்டும். இது தசையைத்தான் விடச்செய்யும், தூங்க வைக்காது, தூக்கத்துக்கு ஈத்தர் குறையக் கூடாது என்று டாக்டர் இருமுறை சொன்னார். எஸ் சார், எஸ் சார் என்று தலையாட்டினேன். அன்றைக்கு இன்னொரு டிரெசர் காய்ச்சலில் படுத்துவிட்டான். உன் அம்மாவுக்கு நானே மயக்கம் கொடுத்தேன். வேறு யாரையும் நம்பவும் மனசில்லை. பாதியில் ரத்த அழுத்தம் இறங்கியது. பயந்துபோய் ஈத்தரைக் குறைத்தேன். குறைத்தவன் மறுபடி கூட்டினேனா? இல்லை. ஏனென்றால் அவள் அசையவில்லை. இருபது வருடமாக என் பாடம் அதுதான்: கை கால் அசைந்தால் மருந்து போதவில்லை, அசையாவிட்டால் ஆள் தூக்கத்தில் இருக்கிறார். அசைவையே கட்டிப்போடுகிற மருந்தை என் கையாலேயே போட்டுவிட்டு, அசையவில்லை, ஆகவே தூங்குகிறாள் என்று முடிவு கட்டினேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் இருக்க முடியுமா?

அவள் மூச்சை நான்தான் விட்டுக்கொண்டிருந்தேன், தம்பி. பையை அழுத்தினால் அவள் நெஞ்சு ஏறும், விட்டால் இறங்கும். அந்த நிலையில் டாக்டர் கர்ப்பப்பையை எடுத்துத் தட்டில் போட்டார். நான் பக்கத்திலிருந்த நர்ஸ் ரோசம்மாவிடம் சொன்னேன், என்ன சொன்னேன் என்பதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: "பைய எடுத்தது வீட்டுக்காரிக்குத் தெரிய வேணாம் சிஸ்டர். கட்டின்னே சொல்லிக்கிறேன். தெரிஞ்சா ரெண்டு மாசம் ஒப்பாரி வச்சிக்கிட்டுக் கெடப்பா, வீட்டுல சோறு கெடைக்காது." ரோசம்மா சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் உன் அம்மாவின் இடது கண்ணோரத்திலிருந்து தண்ணீர் வழிந்தது. நாடி குதித்து ஓடியது. ரத்தம் போனதால் நாடி ஓடுகிறது என்று நினைத்தேன். கண்ணில் மருந்து எரிச்சல் என்று நினைத்தேன். பஞ்சை எடுத்துத் துடைத்துவிட்டு அழுத்தலைத் தொடர்ந்தேன்.

மூன்றாம் நாள் அவளுக்குப் பேச்சு வந்தது. கஞ்சி கொடுக்கப் போனேன். "ஏங்க, நான் தூங்கவே இல்லைங்க" என்றாள். "கைய தூக்கலாம்னா கை வரல. கத்தலாம்னா வாயில ரப்பரு. வயித்துக்குள்ள கை போயிப் போயி வந்திச்சு. அய்யோன்னு உள்ளுக்குள்ளயே கத்திக்கிட்டு இருந்தேன், யாருக்குமே கேக்கல." பிறகு நான் ரோசம்மாவிடம் சொன்னதை, அந்தச் சோறு கிடைக்காது என்பது உட்பட, ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னாள். "நெசமாவே பைய எடுத்திட்டாங்களா?" என்று கேட்டாள். அந்த நிமிடமே தெரிந்துவிட்டது, இவள் விழித்திருந்தாள் என்று. தெரிந்துகொண்டே சிரித்தேன். "போடி பைத்தியக்காரி. அது ஈத்தர் செய்யிற வேல. மூளைக்குப் போற ரத்தத்துல மருந்து கலந்தா இல்லாததெல்லாம் இருக்கற மாதிரி கேக்கும். பாதி பேரு இப்பிடித்தான் ஒளறுவாங்க" என்றேன். உன் கட்டுரையின் மூன்றாவது பத்தி அன்றைக்கு என் வாயிலிருந்து வந்ததுதான், நீ கொஞ்சம் நல்ல தமிழில் எழுதியிருக்கிறாய். நீ அதை விஞ்ஞானம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது என் பொய்யை மூடுவதற்கு நான் கையில் கிடைத்ததை எடுத்துப் போர்த்திய துணி.

அதோடு விட்டேனா? வீட்டுக்கு ஆள் வந்தால் அதையே வேடிக்கைக் கதையாகச் சொல்வேன். "நம்ம வீட்டம்மாவுக்கு ஆப்பரேசன் நடக்கும்போது ரேடியோ கேட்ட மாதிரி எல்லாம் கேட்டிச்சாம்" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். ஒரு தீபாவளியன்று நீயும் சிரித்தாய், உனக்குப் பதினைந்து பதினாறு வயதிருக்கும். உன் அம்மா வடையைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் போனதை நான் பார்த்தேன். நீ பார்த்தாயோ இல்லையோ.

அவள் என்னை நம்பினாள், அதுதான் கொடுமை. தன் காதை நம்பாமல் என்னை நம்பினாள். மாதவிலக்கு நின்றதற்கு உடம்பு பலவீனம் என்று சொல்லி டானிக் புட்டி வாங்கிக் கொடுத்தேன். மறு வருடம் காஜா பேராங்குக்குக் குடிவந்தோம். அந்தத் தையில் மாரியம்மன் கோயில் மரத்தில் தொட்டில் கட்டவேண்டும் என்றாள். மஞ்சள் துணியில் சின்னத் தொட்டில், உள்ளே ஒரு மரப்பொம்மை. கிளை அவளுக்கு எட்டவில்லை. "நீங்க கட்டுங்க, இறுக்கமா கட்டுங்க" என்றாள். நான் கட்டினேன். கர்ப்பப்பை இல்லாதவளுக்குப் பிள்ளை வேண்டி, அது இல்லை என்று தெரிந்த நான், ஆஸ்பத்திரியில் கட்டுப்போடுகிற அதே இரட்டை முடிச்சைப் போட்டு இழுத்துப் பார்த்து, "அவிழாது" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். மூன்று வருடம் தொடர்ந்து கட்டினேன். நாலாவது வருடம் அவளே வேண்டாம் என்றுவிட்டாள். என்னைத் திட்டுவதற்குத் தமிழில் இருக்கிற எல்லா வார்த்தையையும் நீ எடுத்துக்கொள்ளலாம், நான் தடுக்கப் போவதில்லை.

அவள் சொன்னதை ஒரே ஒரு ஆள்தான் நம்பியது. பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டி அம்மாள், தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்து மலாய்ப் பேச்சுக்கு மாறிப்போன குடும்பம். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது, எல்லாம் மலாய்தான். உன் அம்மாவுக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் எப்போதோ சொல்லியிருக்கிறாள். ஒருநாள் வேலியோரத்தில் நான் என் வழக்கமான ரேடியோ வேடிக்கையை அவிழ்த்துவிட்டபோது அந்த அம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "டியா டெங்ஙார்லா!" என்றாள். அவள் கேட்டாள் என்றால் கேட்டாள்தான் என்று அர்த்தம். மூளையைப் பற்றி அந்த அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. என்ன கேட்டது, எப்போது கேட்டது, பயமாக இருந்ததா என்று உன் அம்மாவிடம் கேட்கத் தெரிந்திருக்கிறது. நீ ஐந்து வருடமாக மருத்துவம் படிக்கிறாய். தவளையின் காலில் மின்சாரம் வைத்துப் பார்த்திருக்கிறாய், செத்தவன் மூளையைக் கையில் ஏந்திப் பார்த்திருக்கிறாய். மயக்க மருந்துதான் உன் துறையாக இருக்கப்போகிறது என்றும் எழுதியிருந்தாய். விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் அவள் வைத்த மீன் குழம்பைத் தின்றாயே, ஒருநாளாவது "அம்மா, அன்னைக்கு உங்களுக்கு என்ன கேட்டிச்சு?" என்று கேட்டாயா?

போன மாதம் டாக்டரம்மா அவளைப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பழைய தழும்பைப் பார்த்துவிட்டு மலாயில் அவளிடமே நேரே கேட்டார், "பிலா பூவாங் பெரானாக்கான்?" கர்ப்பப்பையை எடுத்தது எப்போது என்று. நான் குறுக்கே புகுந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். உன் அம்மா என்னைப் பார்த்தாள். அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் வந்தது சந்தோஷம், தம்பி. ஒரு நொடிதான், ஆனால் நான் பார்த்தேன். "அப்ப நான் கனவு காணல" என்றாள். "எனக்குப் புத்தி கெட்டுப்போகல." பெண்பிள்ளை போனது, ஒன்பது வருடம் ஏமாந்தது எல்லாம் அவளுக்குப் பிறகுதான் வந்தது. வீடு வந்து சேர்ந்து கதவைச் சாத்திய பிறகு வந்தது. அதை நான் இங்கே எழுதமாட்டேன்.

இப்போது உன் வாதத்துக்கு வருகிறேன். எல்லாமே மூளையின் அணுக்கள்தான் என்று வைத்துக்கொள். நான் மறுக்கவில்லை, மறுக்கிற படிப்பும் எனக்கில்லை. சரி, அந்த அணுக்கள் அன்றைக்கு விழித்திருந்தன. கத்தி பட்டது அவற்றுக்குத் தெரிந்தது. நான் சிரித்தது அவற்றுக்குக் கேட்டது. மின்சாரம் என்று பெயர் வைத்தால் வலி குறைந்துவிடுமா? ஒன்று எதனால் நடக்கிறது என்று சொல்வது வேறு, நடக்கவே இல்லை என்று சாதிப்பது வேறு. நீ முதலாவதைச் செய்வதாகத் தொடங்கி இரண்டாவதில் போய் விழுந்திருக்கிறாய். உன் விளக்கத்தில் அவள் கேட்டதற்கு இடமில்லை என்றால் விளக்கத்தைத்தான் தூக்கிப் போட வேண்டும், அவளை அல்ல. இன்னொன்றும் கேட்கிறேன். நாடி, கண்மணி, மூச்சு, நாளைக்கு இன்னும் பெரிய பெரிய இயந்திரங்கள் எல்லாம் வரும். மண்டைக்குள் ஓடுகிறதையெல்லாம் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டும். அந்தக் கோடு சரியாகத்தான் சொல்கிறதா என்று கடைசியில் யாரிடம் போய்ச் சரிபார்ப்பாய்? படுத்திருந்த ஆளிடம்தானே கேட்க வேண்டும்? அந்த ஆள் சொல்வதையே கனவு என்று தள்ளிவிட்டால் உன் கோட்டுக்கு யார் சாட்சி? உணர்வை வெறும் சடப்பொருளாலேயே முழுக்க விளக்க முடியுமா முடியாதா என்பது எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. எனக்குத் தெரியாது என்று எழுத உன் பேனாவுக்கு வரவில்லை, அவ்வளவுதான் நமக்குள் வித்தியாசம்.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து ஏழெட்டு மாதமாகிறது. உன் கட்டுரையின் கடைசிப் பத்தியில், சுதந்திர நாட்டில் மூடநம்பிக்கைக்கு இடமில்லை என்று முழங்கியிருக்கிறாய். அந்த வெள்ளைக்கார டாக்டர் நல்லவர்தான், திறமைசாலி. ஆனால் தோட்டத்துக் கூலி பல் பிடுங்கும்போது கத்தினால், இவர்களுக்கு நம்மைப்போல அவ்வளவு வலிக்காது, சும்மா கத்துகிறார்கள் என்பார். அவரிடம் யாரும் போய் எங்கள் நரம்பைப் பிரித்துக் காட்டவில்லை. வெளியிலிருந்து பார்த்தார், தனக்கு வசதியானதைச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று எஸ் சார் என்றேன். அவர் கப்பலேறிப் போய்விட்டார். அவர் நாற்காலியில் நாளைக்கு நீ உட்காரப் போகிறாய். உட்கார்ந்து அதையேதான் சொல்லப் போகிறாய் என்றால், கொடி மாறியதில் உன் அம்மாவுக்கு என்ன லாபம்?

இதுவரை எழுதியதை நேற்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தெரியாமல் அவள் விஷயத்தை அச்சுக்கு அனுப்ப எனக்கு இனி உரிமை இல்லை. தொட்டில் கட்டிய இடம் வந்ததும் எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு "ம், படிங்க" என்றாள். முழுதும் படித்து முடித்தேன்.

"இதெல்லாம் பேப்பர்ல வருமா?" என்று கேட்டாள்.

"போடுவாங்கன்னுதான் நெனைக்கிறேன்."

"பையி, தொட்டிலு, எல்லாமா?"

"நீ வேணாம்னா எடுத்திடறேன்."

"எடுக்க வேணாம். நான் முழிச்சிருந்தேன்னு வருமா?"

"தலைப்பே அதுதான்" என்றேன்.

"சரி. அப்பன்னா போறேன். நாள மாத்த வேணாம்னு டாக்டரம்மாகிட்ட சொல்லிடுங்க" என்றாள். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன், அவரும் கவனமாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார், நானும் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று அவள் கண்ணையும் நாடியையும் பார்த்துக்கொள்கிறேன், இந்தத் தடவை கண் இமைக்கமாட்டேன் என்று அவளிடம் சொன்னேன்.

"நீங்க உள்ள வரக் கூடாது" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. உப்புப் போதும் என்று சொல்வது போலச் சொன்னாள். எத்தனை வருடம் இந்த வேலை பார்த்தவன், என்னைவிட யாருக்குத் தெரியும் என்று ஏதேதோ சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "வேணாங்க. நீங்க வாசல்லயே இருங்க. தம்பி வந்தான்னா அவன் உள்ள வரட்டும். டாக்டருக்குப் படிக்கிற புள்ளதானே, விடுவாங்க."

"அவன்தான் உன்னப் பேப்பர்ல மூதாட்டின்னு எழுதினவன்" என்றேன். எனக்கு உன்மேல் இருந்த கோபத்தில் வந்துவிட்டது.

"அவன் தெரியாம எழுதினான்" என்றாள். "நீங்க தெரிஞ்சிக்கிட்டே சொன்னீங்க."

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு. டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன், மருத்துவ மாணவன் என்றால் அனுமதிப்பார்களாம். உன் பரீட்சை, உன் வகுப்பு எதுவும் என்னிடம் சொல்லாதே. முதல்நாளே ரயிலேறு. நான் வெளியே பெஞ்சில் இருப்பேன். என்னிடம் நின்று பேசிக்கொண்டிருக்காதே, நேரே உள்ளே போ.

இப்படிக்கு,
உன் அப்பா